மகளுக்கு ஹெடிங் பயிற்சி: எவ்வளவுக்கு விடலாம்?

உவர்மலை அம்மா:
மகளுக்கு 13 வயது, பாடசாலை உதைபந்தாட்ட அணியில் டிஃபென்ஸ். போட்டி வருகிறதென்று கிழமையில் மூன்று நாள் பயிற்சி, ஒவ்வொரு நாளும் கோர்னரில் இருந்து உயர்த்தி அடிக்கும் பந்தை வரிசையாக நின்று தலையால் அடிக்க வேண்டும், அதுதான் ஹெடிங். போன செவ்வாய் வேலிக்கு வெளியே நின்று எண்ணினேன், இவள் மட்டும் 34 தரம். அன்றிரவு தலையிடி என்று புட்டைத் தொடாமலே படுத்துவிட்டாள். அடுத்த நாள் பையைத் திறந்தால் பனடோல் காட்! கேட்டால், "கோச் சேரிட்ட சொல்லாதேங்கோ அம்மா, டீமில இருந்து எடுத்துப்போடுவார்" என்று அழுகிறாள். விளையாட்டை நிறுத்த எனக்கு மனமில்லை, இவளை மைதானத்தில் இறக்கவே வீட்டில் எத்தனை பேரோடு சண்டை பிடித்தேன். மூளை அதிர்ச்சி என்பது மயங்கி விழுந்தால்தானே? சும்மா பந்து படுவதால் ஏதும் ஆகுமா?

பழைய நம்பர் 5:
மயங்கினால்தான் என்றில்லை அக்கா. பெரும்பாலும் மயக்கமே வராது. தலையிடி, தலைச்சுற்று, சத்தி, வெளிச்சம் கூசுவது, படித்தது மனதில் நிற்காதது, இதெல்லாம் அடையாளம்தான். நான் விளையாடிய காலத்தில் ஒருத்தியோடு தலை மோதி, அதோடேயே மிச்ச ஆட்டத்தையும் முடித்தேன், பிறகு இரண்டு கிழமை ஒரு பக்கம் வாசிக்க முடியவில்லை. முதல் அடி ஆறுவதற்குள் இரண்டாவது அடி படுவதுதான் பெரிய ஆபத்து. பனடோல் போட்டுத் தலையிடியை மறைத்து விளையாடுகிறாள் என்பதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. டொக்டரிடம் காட்டும்வரை பயிற்சிக்கு விடவே வேண்டாம்.

லிங்கநகர் தம்பி:
பெண்பிள்ளைகளுக்கு இது இன்னும் கவனிக்க வேண்டிய விஷயம். 2018இல் நியூயோர்க்கில் 49 பெண்கள், 49 ஆண்கள் என்று அமெச்சூர் வீரர்களின் மூளையை ஸ்கேன் செய்து பார்த்தார்கள். ஏறக்குறைய ஒரே அளவு ஹெடிங் செய்தவர்கள்தான், ஆனால் பெண்களில் மாற்றம் தெரிந்த பகுதி ஐந்து மடங்கு பெரிது. நோய் வந்தது என்று அர்த்தமில்லை, ஸ்கேனில் தெரிந்த மாற்றம், அவ்வளவுதான். கழுத்துத் தசைப் பலம் குறைந்தால் அதே பந்துக்கே தலை கூடுதலாக அதிரும் என்பது ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது. 2019இல் கிளாஸ்கோவில் வந்த பெரிய ஆய்வு, மறதி நோய் போன்றவற்றால் இறப்பது முன்னாள் தொழில்முறை உதைபந்தாட்ட வீரர்களில் மற்றவர்களைவிட மூன்றரை மடங்கு என்றது. அதில் இருந்தவர்கள் எல்லோரும் ஆண்கள். அமெரிக்க உதைபந்தாட்ட வீராங்கனை பிராண்டி சாஸ்டெய்ன், இறந்த பிறகு தன் மூளையை ஆய்வுக்குக் கொடுப்பதாக அதற்கு முன்னமே, 2016இல் அறிவித்திருந்தார்.

மைதானத்து அண்ணன்:
நான் சின்னப் பெடியளுக்குப் பயிற்சி கொடுக்கிறவன், அந்தக் கோச்சை முழுதாகக் குறை சொல்ல மாட்டேன். ஹெடிங் பழக்காமல் மட்ச்சில் இறக்கினால் கண்ணை மூடிக்கொண்டு உச்சந்தலையில் வாங்குவார்கள், அது இன்னும் மோசம். ஆனால் 34 என்பது அநியாயம் தங்கச்சி. அமெரிக்காவில் 2015இல் கொண்டுவந்த விதிப்படி 10 வயது வரை ஹெடிங்கே இல்லை, 11 முதல் 13 வரை பயிற்சியில் கிழமைக்கே 15, 20 தரம்தான். இங்கிலாந்தில் பெரிய தொழில்முறை வீரர்களுக்கே, வேகமாக வரும் பந்தென்றால் பயிற்சியில் கிழமைக்குப் பத்து என்று 2021இல் சொல்லிவிட்டார்கள். உங்கள் பிள்ளை ஒரு பின்னேரத்தில் செய்ததைப் பாருங்கள்! நான் முதலில் பலூன், பிறகு கையால் மெதுவாக எறியும் லேசான பந்து, நெற்றியில் மட்டும் என்றுதான் பழக்குவேன். மாரியில் தண்ணீர் குடித்த பழைய பந்தென்றால் ஹெடிங் கிடையாது. பந்துக்குக் காற்றையும் கல்லுப்போல அடிக்க வேண்டாம் என்று சொல்லுங்கள்.

உவர்மலை அம்மா:
எல்லோருக்கும் நன்றி. டொக்டரிடம் காட்டினேன், தலையிடி முற்றாக நிற்கும்வரை விளையாட்டு இல்லை, பிறகும் நடை, ஓட்டம், பந்து என்று படிப்படியாகத்தான் என்றார். இன்னும் இரண்டு தாய்மாரைக் கூட்டிக்கொண்டு கோச்சிடம் போனேன். மற்றப் பிள்ளைகளும் பனடோல் போடுவது அவருக்குத் தெரியவே தெரியாதாம், முகம் மாறிவிட்டது. வரிசை ஹெடிங்கை கிழமைக்கு ஒரு நாள், ஆளுக்குப் பத்து என்று குறைக்க ஒத்துக்கொண்டார். மகள் இரண்டு நாளாக என்னோடு கதைப்பதில்லை, பரவாயில்லை. அண்ணா, அந்த லேசான பந்து திருகோணமலை ரவுணில் எங்கே வாங்கலாம்? அணிக்கு ஐந்தாறு வாங்கிக் கொடுக்க நினைக்கிறோம்.