ஏற்காடு எக்ஸ்பிரஸில் உங்களுக்கு நடந்தது என்ன? சேலத்துக்காரர்கள் சொல்லுங்கள்

சூரமங்கலத்திலிருந்து:

போன மாசம் திருவள்ளூர் நண்பர் ஒருத்தர் குடும்பத்தோடு ஏற்காடு பார்க்கக் கிளம்பினார். வண்டிப் பேர் ஏற்காடு எக்ஸ்பிரஸ், ஈரோட்டில் முடிகிறது, அப்படியானால் மலை ஈரோட்டுப் பக்கம்தான் இருக்கும் என்று நினைத்து ஈரோட்டுக்கே டிக்கெட் எடுத்துவிட்டார். சேலம் வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது, அத்தனை பேரும் நல்ல தூக்கம். காலையில் ஈரோட்டு பிளாட்பாரத்தில் நின்றுகொண்டு எனக்குப் போன் போட்டார். அடுத்த வண்டியில் திரும்பி வரச் சொல்லி, ஜங்ஷனுக்குப் போய்க் கூட்டிவந்தேன். அதிலிருந்து இந்த வண்டி நினைப்பாகவே இருக்கிறது. உங்களுக்கு இதில் நடந்ததை எழுதுங்கள். என்னுடையதை நான் முதலில் எழுதிவிடுகிறேன்.

அதற்கு முன் வெளியூர்க்காரர்களுக்கு ஒன்று. மலைக்குத் தண்டவாளம் கிடையாது. ஜங்ஷனில் இறங்கி முப்பது கிலோமீட்டர் சொச்சம், 20 கொண்டை ஊசி வளைவு, பஸ்ஸிலோ காரிலோதான் ஏற வேண்டும். வண்டி எண் 22649 சென்னை சென்ட்ரலில் ராத்திரி கிளம்பி, 335 கிலோமீட்டர் போல ஓடி, விடியும் முன்னே சேலம் வந்து, ஈரோட்டில் முடியும். அங்கிருந்து திரும்புவது 22650. ஆனால் மலைக்கும் வண்டிக்கும் சம்பந்தமே இல்லை என்று சொல்ல மாட்டேன். பொம்மிடி தாண்டி லோக்கூர், டேனிஷ்பேட்டை, தின்னப்பட்டி, கருப்பூர் என்று வரும்போது இடது பக்க ஜன்னலில் சேர்வராயன் மலை கூடவே வரும். பகலில் கோவை எக்ஸ்பிரஸில் வந்தால் பச்சை. ராத்திரி வண்டியில் வானத்தைவிடக் கொஞ்சம் கூடுதலான கறுப்பு, அவ்வளவுதான். அதைப் பார்த்ததும் பையை எடுத்து வைக்க ஆரம்பிப்போம்.

தடம் ரொம்பப் பழசு. 1856 ஜூலையில் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ஓடியதே தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில். அதே பாதை 1861-ல் சேலத்துக்கு வந்தது, 1862-ல் மேற்குக் கடற்கரையில் பேப்பூர் வரை போய்ச் சேர்ந்துவிட்டது. தாது வருஷப் பஞ்சத்தில் நம் ஜில்லா பட்ட பாட்டைப் பாட்டிமார் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அப்போது பட்டணத்துத் துறைமுகத்திலிருந்து தானிய மூட்டை வந்ததும் இந்தத் தடத்தில்தான். 1977-ல் கோவை எக்ஸ்பிரஸ் வந்தபின் பகலில் உட்கார்ந்தபடியே சென்னை போக வழி பிறந்தது. இருந்தாலும் காலை பத்து மணிக்குச் சென்னையில் வேலை இருக்கிறவன், ஒரு நாள் லாட்ஜ் வாடகை கொடுக்க முடியாதவன், ராத்திரி வண்டியைத்தான் நம்ப வேண்டும்.

1994-ல் அப்படி ஒருத்தனாக நான் இருந்தேன். இன்டர்வியூ. ஜெனரல் பெட்டியில் நிற்க மட்டுமே இடம். என்னிடம் இருந்த ஒரே நல்ல சட்டையை இஸ்திரி போட்டு மஞ்சப்பையில் மடித்து வைத்திருந்தேன். பக்கத்தில் தாரமங்கலத்து நெசவாளர் ஒருத்தர் வெண்பட்டு வேட்டிக் கட்டோடு உட்கார்ந்திருந்தார். நான் பையை நெஞ்சோடு பிடித்திருந்ததைப் பார்த்து, "என்ன தம்பி, பணமா?" என்று கேட்டார். சட்டை என்றேன். வாங்கினார். கட்டைப் பிரித்து, இரண்டு வேட்டிக்கு நடுவில் சட்டையை நீவி வைத்து, திரும்பக் கட்டினார். "விடியற வரைக்கும் கசங்காது, நீ உட்காரு" என்று தன் இடத்தில் பாதியைக் கொடுத்தார். பெரம்பூரில் எழுப்பி, முகம் கழுவச் சொல்லி, சட்டையை எடுத்துக் கொடுத்தார். அந்த வேலையில்தான் முப்பது வருஷம் இருந்தேன். அவர் பேரைக் கேட்டுக்கொள்ளவில்லை. அந்த வருத்தம் இன்னும் இருக்கிறது.

செவ்வாய்ப்பேட்டையிலிருந்து:

அண்ணே, எங்களுது கொலுசுப் பட்டறை. சென்னை சௌகார்பேட்டைக்குச் சரக்கு கொண்டுபோக அப்பாவுக்கு இந்த வண்டியை விட்டா வேற கிடையாது. பையைத் தலைக்கு வச்சுப் படுப்பார், தூங்க மாட்டார். நான் முதல் தடவை தனியாப் போனப்ப ஜோலார்பேட்டையில டீ குடிக்க இறங்கினேன். வண்டி நகர்ந்துடுச்சு. ஓடினேன், கடைசிப் பெட்டி கார்டு கையைப் பிடிச்சு உள்ள இழுத்துக்கிட்டார். பை பெர்த்துலயே கிடக்கு. மூணு கிலோ வெள்ளி. காட்பாடி வர்ற வரைக்கும் எனக்கு உசுரே இல்ல. வண்டி நின்னதும் ஓடிப்போய்ப் பார்த்தா, எதிர் பெர்த் அம்மா என் இடத்துக்கு மாறி, பை மேல கையை வச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்காங்க. "கனமா இருந்துச்சு கண்ணு, ஏதோ முக்கியமானதுன்னு தோணுச்சு. நீ வராட்டி காட்பாடி போலீஸ்ல ஒப்படைக்கலாம்னு இருந்தேன்"னாங்க. உள்ள என்ன இருக்குன்னு கேக்கவே இல்ல. அடுத்த தீபாவளிக்கு அவங்க வீட்டுக்கு ஒரு ஜோடி கொலுசு கொண்டுபோய்க் கொடுத்தோம். வாங்க மாட்டேன்னு ரொம்ப நேரம் சொன்னாங்க, பேத்திக்குன்னு சொன்னதும்தான் வாங்கிக்கிட்டாங்க.

ஜாகீர் அம்மாபாளையத்திலிருந்து:

தம்பி, கார்டு பெட்டியில ஆளை ஏத்தக் கூடாது. ஆனா ஓடி வர்றவன் பிளாட்பாரம் முடியற இடத்துல கால் தவறினா என்ன ஆகும்னு பார்த்தவங்க நாங்க. அதனால கை தானா நீளும். நானும் ரெண்டு மூணு பேரை இழுத்திருக்கேன்.

நான் ரிட்டயர்டு கார்டு. 2022-லிருந்து அந்தப் பதவிக்கு ரயில் மேலாளர்னு பேரு மாத்திட்டாங்க. எங்க காலத்துல பச்சைக் கொடி, கைவிளக்கு, விசில், அவ்வளவுதான். சேலம் ரொம்ப வருஷம் பாலக்காடு கோட்டத்துக்குள்ள இருந்துச்சு. ஒரு கையெழுத்துக்கும் அங்கேதான் பேப்பர் போகணும். 2007 நவம்பர் 1-ந்தேதி சேலம் தனிக் கோட்டம் ஆச்சு. அன்னைக்கு ஜங்ஷன்ல ஸ்வீட் கொடுத்துக்கிட்டோம். பாலக்காட்டுல இருந்த சிநேகிதங்களுக்கு அது பிடிக்கல. அவங்க பக்கமும் எனக்குப் புரிஞ்சுது, கூட வேலை பார்த்தவங்கதானே.

நடந்ததை எழுதச் சொன்னீங்க. மொரப்பூர் பெரியவர் ஒருத்தரைச் சொல்லணும். சேலம் ஜங்ஷன்ல டியூட்டி முடிஞ்சு பெஞ்சுல உட்கார்ந்திருந்தேன், அவரும் வண்டிக்குக் காத்திருந்தார். "மொரப்பூர்ல இருந்து தர்மபுரிக்குக் குட்டி ரயில் ஓடுனது தெரியுமா சார்?"னார். 1906-ல ஆரம்பிச்சு, 1913-ல ஓசூர் வரைக்கும் நீட்டின குறுகிய பாதை அது. ரெண்டாம் உலகப்போர் சமயம், 1941-ல, மூடிட்டாங்க. அவர் அப்பச் சின்னப் பையன். கூலிக்காரங்க தண்டவாளத்தைப் பேர்த்து எடுக்க எடுக்க, இவரும் கூட்டாளிகளும் கட்டையை எண்ணிக்கிட்டே பின்னாடி நடந்திருக்காங்க. எங்க வரைக்கும் நடந்தோம்னு ஞாபகமில்ல, திரும்பி வர்றப்ப இருட்டிடுச்சு, அம்மா அடிச்சாங்கன்னார். அந்தப் பாதை திரும்ப வரணும்னு அந்தப் பக்கத்து ஜனங்க தலைமுறையா கேட்டுக்கிட்டு இருக்காங்க. ரயில் வந்ததைச் சொல்றவங்க எத்தனையோ பேர். ரயில் போனதைக் கண்ணால பார்த்தேன்னு சொன்னவர் அவர் ஒருத்தர்தான்.

இன்னொண்ணு. 2020 மார்ச் 22, மக்கள் ஊரடங்கு. அதுக்கப்புறம் பயணிகள் வண்டி எல்லாம் நின்னுச்சு. அந்த வாரம் ராத்திரி பத்து மணிக்கு எனக்குத் தூக்கம் வரல. சத்தம் இல்லாததாலன்னு வீட்டுக்காரம்மாதான் கண்டுபிடிச்சாங்க.

ஆத்தூரிலிருந்து:

எங்களுக்கு ஏற்காடு எக்ஸ்பிரஸ் இல்லை, எக்மோர் வண்டிதான். அதையும் இங்கே சேர்த்துக்கொள்ளுங்கள். சேலம்–விருத்தாசலம் மீட்டர் கேஜ் பாதை 1931-ல் போட்டது. அகலப்பாதையாக மாற்ற மூடி, 2007-ல்தான் திறந்தார்கள். அந்த இடைவெளியில் ஆத்தூர், வாழப்பாடி, சின்னசேலம் சனங்கள் முழுக்க முழுக்க பஸ்தான்.

எக்மோர் வண்டி என்றாலே எல்லோரும் 2016 ஆகஸ்டைப் பேசுவார்கள். ரிசர்வ் வங்கிக்குப் போன பழைய நோட்டு 342 கோடி இருந்த பெட்டியின் கூரையை அறுத்து 5.78 கோடியை எடுத்துக்கொண்டு போனார்களே, அது. எனக்கு அந்த வண்டி என்றால் அம்மாதான். மாதம் ஒருமுறை சென்னையில் வைத்தியம். ஒரு தடவை கீழ் பெர்த் கிடைக்கவில்லை. அம்மாவால் மேலே ஏற முடியாது, கேட்கவும் எனக்குக் கூச்சம். எதிரே கல்லூரிப் பையன் ஒருவன், காதில் ஹெட்போன், எங்களைக் கவனித்த மாதிரியே தெரியவில்லை. திடீரென்று எழுந்து தன் போர்வையை உதறி விரித்து, "ஆயா, இங்க படுங்க" என்று சொல்லிவிட்டு மேலே ஏறிவிட்டான். அம்மா அதற்குப் பிறகு எட்டு மாதம் இருந்தார். அந்தப் பையனைப் பற்றிப் பல தடவை கேட்டார், பரீட்சை எழுதியிருப்பானா, வேலை கிடைத்திருக்குமா என்று.

கருப்பூரிலிருந்து:

வந்தே பாரத் 2023 ஏப்ரல் 8-ல் வந்ததிலிருந்து நான் அதில்தான் போகிறேன். வசதி, வேகம், குறை சொல்ல மாட்டேன். ஆனால் அதில் ஜெனரல் பெட்டி கிடையாது. முதல் கருத்தில் சொன்ன அண்ணன் 1994-ல் இருந்தது போல இன்றைக்கும் ஒரு பையன் இருப்பான். அவனுக்கு ராத்திரி வண்டியின் முன்னாலும் பின்னாலும் இருக்கும் ஜெனரல் பெட்டிகள்தான். பண்டிகை நாளில் அதில் கழிவறைக்குள்ளேயும் ஆள் நிற்கிறார்கள், என் தங்கை அப்படித்தான் வந்தாள். ஒவ்வொரு வண்டியிலும் இன்னும் இரண்டு ஜெனரல் பெட்டி சேர்க்கச் சொல்லி நாம் எல்லோரும் மனு எழுத வேண்டும். நான் எழுதியிருக்கிறேன், திரும்பவும் எழுதுவேன்.

ஏற்காட்டிலிருந்து:

மலைக்காரங்க யாரும் இன்னும் எழுதலையே, அதான் நான் எழுதுறேன். நான் இங்க மளிகைக்கடை வச்சிருக்கேன். எங்க கடைக்கு வர்ற ஒரு மலையாளி குடும்பம் (கேரளாக்காரங்க இல்லீங்க, சேர்வராயன் மலைப் பழங்குடி). அப்பா காபித் தோட்டத்துல பழம் பறிக்கிறவர், மிளகு ஏறுறவர். அவர் பொண்ணுக்குச் சென்னையில நர்சிங் சீட்டு கிடைச்சுது. அவர் அதுவரைக்கும் ரயில் ஏறினதில்ல. கூட வர்றீங்களாண்ணானு கேட்டார், போனேன்.

சாயங்காலமே பஸ்ஸுல இறங்கிட்டோம், ராத்திரி பஸ்ஸை நம்ப முடியாது. ஜங்ஷன்ல மூணு மணி நேரத்துக்கு மேல உட்கார்ந்திருந்தோம். வண்டி வந்துச்சு. அவர் ஏறல. பெட்டியில இருந்த பலகையையே பார்த்துக்கிட்டு நிக்கிறார். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியும் அவருக்கு. "ஏ... ஏற்... ஏற்காடு"னு படிச்சார். என்னைப் பார்த்தார். "நம்ம ஊருப் பேரா இது?"னார். ஆமாங்கறேன். "மெட்ராஸ்ல இருக்கறவங்க எல்லாம் இதைப் படிப்பாங்களா?"னார். படிப்பாங்கன்னேன். பலகையைக் கையால தொட்டுப் பார்த்தார். சாமி படத்தைத் தொட்டுக் கண்ணுல ஒத்திக்குவோமே, அந்த மாதிரி. பொண்ணு வெக்கப்பட்டு, "அப்பா, ஏறுப்பா"ன்னு இழுத்துச்சு. ராத்திரி முழுக்க அவர் தூங்கல. மலை எந்தப் பக்கம்னு கேட்டுக்கிட்டு, போற போக்குல வலது பக்க ஜன்னல்ல முகத்தை வச்சுக்கிட்டே இருந்தார். டேனிஷ்பேட்டை தாண்டினதும் தெரியலைன்னார், அப்பவும் திரும்பல.

சூரமங்கலத்திலிருந்து:

ஏற்காட்டு அண்ணா, படித்துவிட்டு ரொம்ப நேரம் எதுவும் எழுத முடியவில்லை. அந்தப் பொண்ணு படிப்பை முடித்துவிட்டதா?

ஏற்காட்டிலிருந்து:

முடிச்சுடுச்சுங்க. சென்னையிலேயே வேலை. பொங்கலுக்கும் மே மாசத்துலயும் இந்த வண்டியிலதான் வரும். அவர் முந்தின நாளே கீழ இறங்கி, ஜங்ஷன்லயே படுத்துக்குவார். காலையில ரெண்டு பேரும் முதல் பஸ்ஸுல ஏறி வந்து, எங்க கடையில டீ குடிச்சுட்டுத்தான் வீட்டுக்கு நடப்பாங்க.