ரேடியேட்டர் மடிப்பில் கசிவு: ஸ்டாப்-லீக் ஊற்றலாமா, ரேடியேட்டரையே மாற்றணுமா?

நாலாவது கியர்:

1.2 லிட்டர் பெட்ரோல் வண்டி, டர்போ இல்லை. அலுமினிய கோரும் (மெல்லிய டியூப்கள் அடுக்கிய நடுப்பகுதி) இருபுறமும் பிளாஸ்டிக் டேங்கும் உள்ள ரேடியேட்டர். கூலண்ட் மொத்தக் கொள்ளளவு 5 லிட்டர். ரிசர்வ் டேங்கில் வாரம் 150 மில்லி போலக் குறைகிறது, ஆனால் தரையில் ஒரு சொட்டு கிடையாது. வலப்பக்க டேங்க் கோரோடு சேரும் மடிப்பில் பச்சையாகக் காய்ந்த கறை மட்டும் தெரிகிறது. டெம்பரேச்சர் முள் வழக்கமான இடத்தில்தான் நிற்கிறது. கூலண்ட் நிறமும் தெளிவாக இருக்கிறது.

கூலண்டில் கலந்து கசிவை அடைக்கும் ஸ்டாப்-லீக் ஊற்றினால் இது நிற்குமா? கசிவை அடைக்கப்போய் வேறு எதையாவது அடைத்துவிடுமா? கேட்டால் ஆளுக்கொன்று சொல்கிறார்கள்.

கேஸ்கெட் வாத்தியார்:

கறை இருக்கிற இடம்தான் கசிகிற இடம் என்று முடிவு கட்டாதீர்கள். மேல் ஹோஸ் கிளாம்பில் கசிந்தது ஃபேன் காற்றில் பரவிக் கீழே மடிப்பில் வந்து காய்வது சகஜம்.

முதல் வேலை பிரஷர் டெஸ்ட். இஞ்சின் முழுக்க ஆறிய பிறகு ரேடியேட்டர் மூடியைக் கழற்றிக் கைப்பம்பு டெஸ்டரை மாட்டுங்கள். மூடியில் அச்சடித்திருக்கும் அளவுக்கு மட்டும் அழுத்தம் ஏற்ற வேண்டும். பல வண்டிகளில் அது 0.9 அல்லது 1.1 பார். அதைத் தாண்டினால் நன்றாக இருக்கிற மடிப்பையும் திறந்துவிடுவீர்கள். 15 நிமிடம் விட்டு டார்ச் அடித்துப் பாருங்கள். மடிப்பு, ஹோஸ் முனைகள், தெர்மோஸ்டாட் ஹவுசிங், வாட்டர் பம்புக்கு அடியில் இருக்கும் சின்ன வடிகால் துளை என ஒவ்வொன்றையும் விரலால் தடவுங்கள். மூடியையும் அதே டெஸ்டரில் அடாப்டர் போட்டுச் சோதியுங்கள். ஸ்பிரிங் தளர்ந்த மூடி குறைந்த அழுத்தத்திலேயே திறந்து கூலண்டை ரிசர்வ் டேங்குக்குத் தள்ளிவிடும். டேங்க் நிரம்பி வழிந்தால் அது வெளியேதான் போகும். அந்தக் கோளாறுக்குப் புது மூடி போதும்.

டெஸ்டர் முள் இறங்குகிறது, வெளியே எங்கும் ஈரம் இல்லை என்றால் கூலண்ட் உள்ளே போகிறது. முன் சீட் காலடி மேட் நனைந்திருந்தாலோ, கண்ணாடியில் எண்ணெய்ப் பிசுக்கு போலப் பனி படிந்து இனிப்பு வாடை அடித்தாலோ கசிவது ஹீட்டர் கோர், அதாவது கேபினுக்குச் சூடான காற்று தரும் சின்ன ரேடியேட்டர். ஹெட் கேஸ்கெட் (சிலிண்டர் ஹெட்டுக்கும் இஞ்சின் பிளாக்குக்கும் நடுவே உள்ள அடைப்புத் தகடு) சந்தேகம் என்றால் ரேடியேட்டர் வாயில் வைத்துப் பார்க்கும் எரிந்த வாயு டெஸ்ட் செய்யுங்கள்: நீலத் திரவம் மஞ்சளாக மாறினால் சிலிண்டரிலிருந்து கார்பன் டை ஆக்சைடு கூலண்டுக்குள் வருகிறது. சோதிக்கும்போது கூலண்ட் அந்த நீலத் திரவம் உள்ள டெஸ்டர் குழாய்க்குள் ஏறிவிடக் கூடாது. முன்கூட்டியே மட்டத்தைக் கொஞ்சம் இறக்கிக்கொள்ளுங்கள்.

இன்னொன்று: முள் சரியாக நிற்கிறது என்பதை வைத்து நிம்மதி அடைய வேண்டாம். சென்சார் கூலண்டில் மூழ்கியிருந்தால்தான் அது காட்டுவது உண்மை. மட்டம் இறங்கி சென்சார் காற்றில் நின்றால், உள்ளே கொதித்துக்கொண்டிருக்கும்போதும் முள் சாதுவாக நிற்கும்.

ஸ்பேனர் 10-12:

வாத்தியார் சொன்ன டெஸ்ட்டை முடிச்சுட்டு வாங்க. அதுவரைக்கும் சரக்கைப் பத்திச் சொல்றேன், ஏன்னா ஸ்டாப்-லீக்னு ஒரே பேர்ல விக்கிறது ஒரே பொருள் இல்ல.

ஒரு வகை நார், தாவரத் தூள், மாத்திரை மாதிரி வர்றது. கூலண்டோட சுத்திக்கிட்டே இருக்கும். ஓட்டை வழியா அழுத்தத்துல வெளிய போகப் பாக்கும்போது ஓரத்துல சிக்கி, ஒண்ணு மேல ஒண்ணு சேர்ந்து அடைச்சுக்கும். இது பெரும்பாலும் கூலண்டோட ஒத்துப்போகும், உள்ளேயே விட்டுடலாம். இன்னொரு வகை அலுமினியம், செம்புத் துகள் கலந்தது. அதுவும் ஓட்டையில போய்ச் சிக்கற ஆள்தான், ஆனா கனம் ஜாஸ்தி, ஓட்டம் மந்தமான இடத்துல படிஞ்சுடும்.

மூணாவது சோடியம் சிலிகேட், தண்ணிக் கண்ணாடின்னு சொல்வாங்களே அது. ஹெட் கேஸ்கெட் சீலர்னு வர்றதுல நிறைய இதுதான். கொதிநிலையைத் தாண்டின சூட்டுல ஈரம் போய்க் கண்ணாடி மாதிரி இறுகும். ஒரு சிக்கல்: கிளைக்கால் (கூலண்டோட மூலப்பொருள்) கலந்த கூலண்டோட அதிகமாச் சேர்ந்தா கூழாத் திரளும். அதனால இந்த ரக பாட்டில் பலதுல "கூலண்டை முழுசா வடிச்சு, தண்ணி மட்டும் விட்டு ஊத்து"ன்னு போட்டிருக்கும். அதைப் படிக்காம ஊத்தறவங்கதான் ரேடியேட்டரை அடைச்சுட்டு பாட்டிலைத் திட்டறாங்க. (கூலண்டுலயே துருத் தடுப்புக்குக் கொஞ்சம் சிலிகேட் இருக்கும், ஆனா அது நிலைப்படுத்தின சிறு அளவு. ரெண்டையும் குழப்பிக்காதீங்க.)

கோர்ல ஊசித்துளை, ஹீட்டர் கோர்ல மெல்லிய கசிவு, வார்ப்புல நுண்துளை, இதுக்கெல்லாம் முதல் வகை நல்லாவே பிடிக்கும். ஹோஸ் வெடிப்பு, தளர்ந்த கிளாம்ப், பிளாஸ்டிக் டேங்க் விரிசல், இதுங்க சூட்டுக்கும் அழுத்தத்துக்கும் விரிஞ்சு சுருங்கிட்டே இருக்கும். அடைச்ச துகள் அடுத்த சுத்துல உதிர்ந்துடும்.

டார்க் ரெஞ்ச்:

ஊற்றவே வேண்டாம் என்பது என் கருத்து. காரணங்கள்:

கசிவு எது, தேவையான வழி எது என்று அந்தத் துகளுக்குத் தெரியாது. குறுகலும் மெதுவான ஓட்டமும் எங்கே இருக்கிறதோ அங்கே தங்கும். முதலில் மாட்டுவது ஹீட்டர் கோர். அதன் பிறகு ரிசர்வ் டேங்குக்குப் போகும் மெல்லிய குழாய், மூடியின் வால்வு இருக்கை. வால்வு இருக்கையில் ஒரு துகள் சிக்கினாலே சிஸ்டம் அழுத்தம் பிடிக்காது. அழுத்தம் இல்லையென்றால் கொதிநிலை இறங்கிவிடும். 1 பார் கூடுதல் அழுத்தத்தில் வெறும் தண்ணீர்கூட 120 டிகிரி வரை கொதிக்காது. அழுத்தம் போனால் அது 100.

வாட்டர் பம்ப் சீல் ஒன்றின் மேல் ஒன்று தேய்ந்து சுழலும் இரண்டு வழவழப்பான முகங்கள். இடையில் கூலண்டின் மெல்லிய படலம்தான் உராய்வைத் தடுக்கிறது. உலோகத் துகள் நுழைந்தால் அந்த முகத்தில் கீறல் விழும். சீல் ஏற்கெனவே கசிந்தால் வடிகால் துளை வழியே வெளியே தெரியும். அந்தத் துளையையும் அடைத்துவிட்டால் கூலண்ட் பேரிங்குக்குள் போய் பம்பே இறுகிப்போகும், அதோடு பெல்ட்டும்.

ஹெட் கேஸ்கெட்டுக்கு ஊற்றுவது இன்னும் மோசம். கூலிங் சிஸ்டத்தில் 1 பார் அழுத்தம், சிலிண்டரில் பல பத்து பார். பக்கத்து நீர்வழிக்கு மிகச் சிறிதாகக் கசிவது சில காலம் நிற்கலாம். ஆயிலோடு கலக்கும் கசிவென்றால் வண்டியை ஓட்டுவதே தவறு, கிராங்க் பேரிங் போய்விடும்.

டர்போவுக்குக் கூலண்ட் போகிற வண்டி, தட்டடுக்கு ஆயில் கூலர் உள்ள வண்டி, இ.ஜி.ஆர். கூலர் (இஞ்சினுக்குத் திரும்பும் புகையைக் குளிர்விப்பது) உள்ள டீசல், ஹைப்ரிட்டின் இன்வெர்ட்டர் சுற்று, எலெக்ட்ரிக் காரின் பேட்டரி சுற்று: இவற்றில் எந்த வகையும் கூடாது. இதில் விவாதமே இல்லை.

நாலாவது கியர்:

டெஸ்ட் முடிந்தது. மூடி 1.1 பார் பிடிக்கிறது. சிஸ்டத்தில் 1.1 ஏற்றியதில் 15 நிமிடத்தில் 0.9க்கு இறங்கியது. கசிவு மடிப்பில் இல்லை. அதற்கு இரண்டு விரல் தள்ளி, கோரின் ஒரு டியூபில் ஊசிமுனை அளவு ஈரம் பூக்கிறது. அது வழிந்துதான் மடிப்பில் காய்ந்திருக்கிறது. எரிந்த வாயு டெஸ்டில் நீலம் மாறவில்லை. பம்ப், ஹோஸ் எல்லாம் காய்ந்தே இருக்கின்றன. ரேடியேட்டர் ஆர்டர் போட்டிருக்கிறேன், வரத் தாமதமாகும். அதுவரை ஓட்ட வேண்டும்.

ஸ்பேனர் 10-12:

கோர் டியூப்ல ஊசித்துளை, டர்போ இல்ல, கூலண்ட் தெளிவா இருக்கு, புது ரேடியேட்டர் வழியில இருக்கு. இந்தச் சூழலுக்கு ஊத்தலாம். நார் ரகம், "எல்லா கூலண்டுக்கும் ஏற்றது"ன்னு போட்டிருக்கறது. சிலிகேட் வேணாம், உலோகத் துகளும் வேணாம்.

அளவுதான் நிறையப் பேர் கோட்டை விடற இடம். பாட்டில்ல எத்தனை லிட்டர் சிஸ்டத்துக்குன்னு பாருங்க. 10 லிட்டருக்கு ஒரு பாட்டில்னு இருந்தா உங்க 5 லிட்டருக்குப் பாதிதான். மீதியையும் "இருக்கட்டுமே"ன்னு ஊத்தினா டார்க் ரெஞ்ச் சொன்னதெல்லாம் நடக்கும்.

இஞ்சின் ஆறினதும் ரேடியேட்டர் அடி வடிகாலைத் திறந்து, ஊத்தப்போற அளவுக்கு மேல ஒரு 200 மில்லி சேர்த்து சுத்தமான பாத்திரத்துல பிடிங்க, அதையே திரும்ப விடலாம். பாட்டிலை ஒரு நிமிஷமாவது நல்லாக் குலுக்குங்க, அடியில கட்டியா நிக்கும். எடுத்து வச்ச கூலண்டுல கொஞ்சம் கலந்து நீர்க்க வச்சு, ரேடியேட்டர் வாய் வழியா மெதுவா விடுங்க. ரிசர்வ் டேங்குல ஊத்தாதீங்க. அங்கேருந்து இஞ்சின் ஆறும்போது உறிஞ்சற கொஞ்சம்தான் உள்ள போகும், மீதி அடியில உக்காந்து குழாயை அடைக்கும். ரேடியேட்டர்ல வாயே இல்லாத வண்டின்னா மேல் ஹோஸைக் கழட்டி அது வழியா விடணும்.

மட்டத்தை நிரப்பி, மூடியைப் போட்டு, ஹீட்டரை முழு சூட்டுல வச்சு ஸ்டார்ட் பண்ணுங்க. தெர்மோஸ்டாட் திறக்கற வரைக்கும் ரேடியேட்டருக்கு ஓட்டமே இருக்காது. மேல் ஹோஸ் சுட ஆரம்பிச்சதும் நேரத்தைக் கணக்குப் பண்ணி 15, 20 நிமிஷம் ஐட்லிங். அப்புறம் உடனே அணைச்சுப் போடாம அரை மணி நேரம் நிதானமா ஓட்டுங்க. நின்னா துகள் படியும், சுத்தினாத்தான் ஓட்டைக்குப் போகும்.

டார்க் ரெஞ்ச்:

இந்த ஒரு வழக்குக்குச் சரி, ஆட்சேபம் இல்லை. ஆனால் ஹீட்டர் கோரைக் காப்பாற்ற வழி இருக்கிறது. பல வண்டிகளில் ஹீட்டரை "ஆஃப்" செய்தாலும் கோரில் ஓட்டம் நிற்காது, உள்ளே காற்றுக் கதவு மட்டும்தான் மூடும். ஆகவே ஊற்றுவதற்கு முன், ஆறிய இஞ்சினில் கோருக்குப் போகும் இரண்டு ஹோஸையும் கழற்றி, ஒரு இணைப்புக் குழாயும் இரண்டு கிளாம்பும் போட்டு நேருக்கு நேர் சேர்த்துவிடுங்கள். ஹோஸை நசுக்கி அடைக்கக் கூடாது: சில இஞ்சின்களில் தெர்மோஸ்டாட் மூடியிருக்கும்போது கூலண்ட் சுற்றுவதே அந்த வழியில்தான். தவிர, பழைய ஹோஸ் நசுக்கின இடத்தில் வெடிக்கும். இணைத்த பிறகு ஸ்பேனர் சொன்ன ஹீட்டர் படி உங்களுக்குத் தேவையில்லை. சிஸ்டத்தில் சிக்கிய காற்றை மட்டும் ஒழுங்காக வெளியேற்றுங்கள்.

கேஸ்கெட் வாத்தியார்:

மறுநாள் ஆறிய நிலையில் மட்டம் பாருங்கள், அதே 1.1 பார் டெஸ்டையும் திரும்பச் செய்யுங்கள். இன்னும் இறங்கினால் இரண்டாவது டோஸ் வேண்டாம். ஓட்டும்போது கூலண்டும் டிஸ்டில்டு வாட்டரும் கலந்து கையில் வைத்துக்கொண்டு, தினமும் காலையில் ரேடியேட்டர் வாயில் மட்டம் பார்த்து ஓட்டுங்கள். ரிசர்வ் டேங்கில் மட்டம் சரியாக இருந்தாலும் ரேடியேட்டர் காலியாக இருக்கலாம்.

புது ரேடியேட்டர் மாட்டும் நாளில் பழைய கூலண்டைப் புதியதில் விட்டுவிடாதீர்கள், மீந்த துகள் நேராக அதில் போய் உட்காரும். தெர்மோஸ்டாட்டைக் கழற்றிவிட்டு இஞ்சின் பிளாக்கை எதிர்த்திசையில் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள், வருவது தெளியும்வரை. கடைசி அலசல் டிஸ்டில்டு வாட்டரில். தெர்மோஸ்டாட்டைப் புதிதாகப் போடுங்கள், மூடியின் ரப்பரைத் துடைத்துப் பாருங்கள், அதற்குப் பிறகு ஹீட்டர் ஹோஸ்களைப் பழையபடி மாட்டுங்கள். வேலை செய்பவரிடம் ஸ்டாப்-லீக் ஊற்றியதை முன்னாலேயே சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் அலசாமலே மாட்டிக் கொடுப்பார். வடித்த கூலண்டைத் திறந்த பாத்திரத்தில் விடாதீர்கள். கிளைக்கால் இனிப்பாக இருக்கும், நாயோ பூனையோ நக்கினால் சிறிதளவே உயிரைக் குடிக்கும்.