நாணய வடிவங்கள் மாறுவதைத் தலைமுறைகள் வெவ்வேறாகப் பார்ப்பது ஏன்?

காவிரிக்கரை:
என் தந்தையார் அணாக் காலத்து நாணயங்களையும், 1957 ஏப்ரல் 1 அன்று நடைமுறைக்கு வந்த நயா பைசா வரிசையையும் சேகரித்து வருகிறார். 1992க்குப் பின் வந்த எவர்சில்வர் ரூபாய்களை அவர் தம் ஆல்பத்தில் சேர்ப்பதே இல்லை. கல்லூரியில் படிக்கும் என் மகளோ நாட்டியக் கைமுத்திரைகள் பொறித்த 2007ஆம் ஆண்டு வரிசையையும் அதற்குப் பின் வந்தவற்றையும்தான் ஆர்வத்தோடு தேடுகிறாள். புதிய நாணயங்களில் வேலைப்பாடு குறைந்துவிட்டது என்பது தந்தையாரின் உறுதியான கருத்து. இது இளமையில் கையாண்ட காசின் மீதுள்ள பற்றா, அல்லது வடிவமைப்பிலேயே குறை உண்டா?

ஓட்டைக்காலணா:
பற்றும் உண்டு, ஆனால் காரணம் அது மட்டுமன்று. 1950இல் மன்னரின் தலை நீங்கி அசோகரின் சிங்கத் தலை வந்தது; காலணாவில் குதிரையும், அரையணா முதல் இரண்டணா வரை காளையும், ரூபாயில் கோதுமைக் கதிர்களும் இடம்பெற்றன. படங்கள் அனைத்தும் மாறியபோதும் ஓரணாவின் நெளிந்த விளிம்பையும் இரண்டணாவின் சதுரத்தையும் அரசு மாற்றவில்லை. பைசா வந்தபோதும் அதே முறையைப் பின்பற்றி ஐந்து பைசாவைச் சதுரமாகவும் இரண்டு, பத்து பைசாக்களை நெளிவிளிம்போடும் அச்சிட்டார்கள். 1964இல் வந்த மூன்று பைசாவுக்கு அறுகோணம் கிடைத்தது. பார்வையற்றவர்கூட மடியில் கைவிட்டு, விரலால் தடவியே சரியான காசை எடுத்துவிடலாம். என் தலைமுறை வருந்துவது படம் மாறியதற்காக அன்று. ஒன்று, இரண்டு, ஐந்து ரூபாய்கள் எல்லாம் இன்று வட்டமாகிவிட்டன என்பதற்காகத்தான்.

கைமுத்திரை:
ஐயா சொல்வதை மதிக்கிறேன். ஆனால், என் வயதினர் மாற்றத்தையே சேகரிக்கிறோம் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். 2004 முதல் வந்த, குறுக்குக் கோடுகளும் நான்கு புள்ளிகளும் கொண்ட நாணயம் வேற்றுமையில் ஒற்றுமையைக் குறிப்பதாக அரசு சொல்ல, அது சிலுவையை ஒத்திருக்கிறது என்று எதிர்ப்புக் கிளம்பியது. சில ஆண்டுகளிலேயே கட்டைவிரலும் இரு விரல்களும் கொண்ட கைமுத்திரைகள் வந்துவிட்டன. அந்த விவாதம் முழுவதையும் நான் ரூபாய்க் காசுகள் இரண்டைக் கொண்டே காட்ட முடியும். 1995ஆம் ஆண்டு உலகத் தமிழ் மாநாட்டுக்காக வந்த திருவள்ளுவர் நாணயமும், அண்ணாவின் தமிழ்க் கையொப்பத்தோடு 2009இல் வந்த ஐந்து ரூபாயும் பெட்டிக்கடைச் சில்லறையில் எனக்குக் கிடைத்தவை. காசு எந்த நாணயச்சாலையில் அச்சானது என்பதைக் காட்டும் குறியாக, ஆண்டுக்குக் கீழே ஐதராபாத்தின் நட்சத்திரம் உள்ளதா, நொய்டாவின் புள்ளி உள்ளதா என்று பார்ப்பது எங்களுக்குப் பெரும் மகிழ்ச்சி. ஆனால் இந்த வகைப்பெருக்கம் மற்றவர்களைக் குழப்புகிறது என்பதை மறுக்க மாட்டேன். தமிழ்நாட்டில் கடைக்காரர்கள் பத்து ரூபாய் நாணயத்தை வாங்க மறுத்ததும், பதினான்கு வடிவங்களும் செல்லும் என்று 2018 ஜனவரியில் ரிசர்வ் வங்கி அறிவிக்க நேர்ந்ததும் நாம் அறிந்தவையே.

தங்கசாலைத்தெரு:
இருவரும் படத்தையும் வடிவத்தையும் பற்றிப் பேசுகிறீர்கள். என் பார்வையில் பெரிய குறை அளவில்தான் இருக்கிறது. 1992 முதல் ஒரு ரூபாய் 25 மி.மீ. விட்டமும் 4.85 கிராம் எடையும் கொண்டிருந்தது. 2011இல் ரூபாய்க் குறியீட்டோடு வந்த இரண்டு ரூபாய்க்கு அதே விட்டத்தையும் எடையையும் கொடுத்துவிட்டு, புதிய ஒரு ரூபாயைப் பழைய ஐம்பது பைசாவின் அளவுக்குச் சுருக்கினார்கள். பழைய ஒரு ரூபாயும் புதிய இரண்டு ரூபாயும் ஒரே கல்லாவில் கிடந்தால், எண்ணைப் படிக்காமல் பிரிக்க முடியாது. எந்தத் தலைமுறைச் சேகரிப்பாளரும் இதைச் சிறந்த வடிவமைப்பு என்று ஏற்க மாட்டார்.

உங்கள் தந்தையாரிடம் 2019 வரிசையை மட்டும் ஒருமுறை கையில் கொடுத்துப் பாருங்கள். பார்வையற்றோரை மனத்தில் வைத்து, மதிப்பு உயர உயர எடையும் கூடும்படி அதைத் திட்டமிட்டிருக்கிறார்கள்: ஒரு ரூபாய் 3.09 கிராம், இரண்டு ரூபாய் 4.07, ஐந்து ரூபாய் 6.74, பத்து ரூபாய் 7.74, இருபது ரூபாய் 8.54. இருபது ரூபாய்க்குப் பன்னிரண்டு பக்கங்கள் உண்டு. மற்ற நான்கும் இன்னும் வட்டமே.