புதுப்பிப்பு: அந்தக் கடலை மிட்டாய் பாக்கெட்

பேருந்து நிலையக் கடையில் வாங்கிய ‘கோவில்பட்டி கடலை மிட்டாய்’ பற்றிப் போன வாரம் புலம்பியிருந்தேன். முன்பக்கம் கொட்டை எழுத்தில் கோவில்பட்டி, பின்பக்கம் பொடி எழுத்தில் வேறு மாவட்ட முகவரி. இப்படிப் போடலாமா?

கூடாதாம். கோவில்பட்டி கடலை மிட்டாய்க்கு 2020இலேயே புவிசார் குறியீடு (ஊர்ப் பெயரை அந்த வட்டாரப் பொருளுக்கு மட்டுமே உரியதாக்கும் சட்டப் பதிவு) வாங்கியாயிற்று. கடலை மிட்டாய் யாரும் செய்து விற்கலாம். ஊர்ப் பெயரை ஒட்டுவதில்தான் சிக்கல். எனக்குப் புதிதாக இருந்தது இன்னொன்று: கோவில்பட்டியிலேயே பாகு காய்ச்சுபவரானாலும், அங்கீகரிக்கப்பட்ட பயனாளராகத் தனியே பதிந்தால்தான் குறியீட்டுக்குச் சட்டப்படி உரிமை. பதிவு 10 ஆண்டுக்கு, அப்புறம் புதுப்பிக்க வேண்டும். (நாடு முழுவதுக்குமான பதிவகம் நம்ம கிண்டியில்தான்!)

சரி, கடைக்காரரிடம் பாக்கெட்டின் பின்பக்கத்தைக் காட்டினேன். “நல்லாத்தானேண்ணே இருந்துச்சு?” என்றார். இருந்தது. அதுதான் கடுப்பு.