லண்டனில் அம்மாவின் அறை ரேடியேற்றர் சூடாகவில்லை, அவசரம்

கொக்குவில் தம்பி: அக்காவின் பிள்ளைப்பேற்றுக்கென்று அம்மா லண்டன் போய் மூன்று கிழமை. அவர் படுக்கும் அறையில், சுடுதண்ணீர் ஓடி அறையைச் சூடாக்கும் பழைய இரும்பு ரேடியேற்றர் வேலை செய்யவில்லை. வீடியோவில் இரண்டு சுவெற்றரும் போர்வையுமாக இருக்கிறார், பார்க்க மனம் கேட்கவில்லை. அத்தானுக்கு இரவு வேலை. இங்கிருந்து நான் என்ன சொல்ல?

சுன்னாகம்: சுண்ணாம்புதான். எங்கள் கிணற்றுத் தண்ணீர் கேத்திலில் வெள்ளையாகப் படிவதைப் பாருங்கள். லண்டன் தண்ணீரும் அப்படித்தான்.

குளிர்நாட்டான்: முழுவதும் குளிரா, பாதியா? மற்ற அறைகள் சூடா? தண்ணீரைச் சூடாக்கி அனுப்பும் பொயிலரில் அழுத்தம் எத்தனை?

பழைய கை: "வேலை செய்யவில்லை" என்று மட்டும் எழுதினால் ஒருவராலும் உதவ முடியாது தம்பி. இங்கே எத்தனை தரம் சொல்லியிருக்கிறேன்.

கொக்குவில் தம்பி: மன்னியுங்கள் அண்ணா. மாடி அறை. மற்றதெல்லாம் சூடு. அம்மா கை வைத்துப் பார்த்தார்: கீழே சூடு, மேலே சில்லென்று இருக்கிறதாம். உள்ளே களுக் களுக் என்று சத்தம்.

குளிர்நாட்டான்: அப்போ காற்றுத்தான். காற்று மேலே ஏறி நின்றால் சுடுதண்ணீர் அங்கே போகாது. ஹீற்றிங்கை நிறுத்தி ஆற விடுங்கள். மேல் மூலையில் சதுர முனையோடு சின்னத் திருகு இருக்கும், அதற்கென்று குட்டிச் சாவி உண்டு. கீழே துணி பிடித்து, இடப்பக்கமாகக் கால் சுற்றுப் போதும். உஸ்ஸென்று காற்று போய்த் தண்ணீர் கசிந்ததும் பூட்டுங்கள். முழுதாகக் கழற்றினால் கறுப்புத் தண்ணீர் விரிப்பைப் பாழாக்கும். பிறகு பொயிலரின் அழுத்த முள்ளைப் பாருங்கள், ஆறியிருக்கும்போது 1 முதல் 1.5 பார் (அழுத்த அலகு) வரை நிற்க வேண்டும்.

சுன்னாகம்: சுண்ணாம்பே இல்லையென்று எப்படிச் சொல்கிறீர்கள்?

குளிர்நாட்டான்: கேத்திலுக்கு நாளும் புதுத் தண்ணீர் விடுகிறோம். ரேடியேற்றருக்குள் சுற்றுவது அதே பழைய தண்ணீர், சுண்ணாம்பு பெரிதாகச் சேராது. சேர்வது இரும்புக் கறள் (துரு). அது சேறாகி அடியில் தங்கும், அப்போது குளிர்வது கீழ்ப்பக்கம்.

சுன்னாகம்: ஒழுக்கு இருந்து அடிக்கடி நிரப்பினால்?

பழைய கை: அப்படியென்றால் புதுச் சுண்ணாம்பு வரும், புதுக் காற்றும் வரும், கறளும் கூடும். முதலில் ஒழுக்கைத் தேட வேண்டும். அம்மாவிடம் சொல்லுங்கள், ஈரத்துணியை ரேடியேற்றர் மேல் போட வேண்டாம், சுவரில் பூஞ்சணம் பிடிக்கும்.

வலிகாமத்தாள்: மழைநாளில் பிள்ளைத்துணியை வேறு எங்கே காயப்போடுவதாம்?

பழைய கை: கொடி கட்டி, சன்னலைக் கொஞ்சம் திறந்துவிட்டு.

வலிகாமத்தாள்: அந்தக் குளிரில் பச்சைப்பிள்ளை இருக்கும் வீட்டிலா?

கொக்குவில் தம்பி: சாவி மீற்றர்ப் பெட்டிக்குள் கிடந்ததாம். அத்தான் விடிய வந்து திறந்தார், நிறையக் காற்றுப் போனது. முள் 1க்குக் கீழே இறங்கியதால் நிரப்பியிருக்கிறார். அம்மா இப்போது ஒரு சுவெற்றரோடு நித்திரை. நன்றி அண்ணாமார்.