கிரேட் 11 பாடத் தெரிவு: மகளைக் காலேஜ் கணிதத்துக்குப் போகச் சொல்கிறார்கள், என்ன செய்யலாம்?

நிலா அம்மா:

எல்லாருக்கும் வணக்கம். நாங்கள் போன கோடையில்தான் யாழ்ப்பாணத்திலிருந்து கனடாவில் ஒன்ராறியோ மாகாணத்து ஸ்காபுறோவுக்கு வந்தோம். மகள் ஊரில் தரம் 9 முடித்தவள், இங்கே கிரேட் 10இல் சேர்த்தார்கள். முதல் செமஸ்டரில் (அரை வருடத் தவணை) ஈஎஸ்எல் சி, அதாவது இங்கிலிஷ் தாய்மொழி இல்லாத பிள்ளைகளுக்கான இங்கிலிஷ் பாடத்தில் சி மட்டம் முடித்து இப்போது டி படிக்கிறாள். கிரேட் 11க்கு என்ன பாடம் என்று இந்த மாத முடிவுக்குள் தெரிவு செய்து கொடுக்க வேண்டும்.

பிரச்சினை என்னவென்றால், கணிதத்தில் இவளுக்கு 88 புள்ளி, ஆனால் பாடத் தெரிவுக்கு ஆலோசனை சொல்கிற கைடன்ஸில் கூப்பிட்டு, இங்கிலிஷ் இன்னும் வரவில்லை, அதனால் பல்கலைக்கழகத்துக்கு இல்லாமல் காலேஜுக்குப் போகிறவர்களுக்கான காலேஜ் கணிதம் எடுத்தால் சுமை குறையும் என்று சொல்லியிருக்கிறார்கள். போன கிழமை ஒரு டெஸ்டில் செல்போன் பிளான் பற்றிக் கால் பக்கத்துக்கு ஒரு கணக்கு வந்ததாம், இவள் ஒன்றுமே எழுதாமல் விட்டுவிட்டாள். வீட்டில் அதையே நான் தமிழில் வாசித்துச் சொன்னதும் நின்ற நிலையில் போட்டுக் காட்டினாள். இப்படிப்பட்ட பிள்ளையைக் கீழே இறக்குவது சரியா? இவர் சொல்கிறார், பள்ளிக்கூடத்துக்குத் தெரியாததா உனக்குத் தெரியும் என்று. எனக்கு மனம் ஒப்பவில்லை. எஞ்சினியரிங்கா நேர்ஸிங்கா என்று அவள் இன்னும் முடிவெடுக்கவில்லை, இரண்டையும் பற்றிக் கதைக்கிறாள்.

இன்னும் சில கேள்விகள். உயர்பள்ளி டிப்ளோமாவுக்கு 30 கிரெடிட் (பெரும்பாலும் ஒரு பாடத்துக்கு ஒன்று) வேண்டும் என்கிறார்கள், ஈஎஸ்எல் அதில் சேருமா? ஊரில் படித்தது கணக்கில் வருமா? பிரெஞ்சு ஒரு எழுத்தும் தெரியாது, அது கட்டாயமா? லிட்டரசி டெஸ்ட் (வாசிப்பு, எழுத்துச் சோதனை), 40 மணித்தியால வொலண்டியர் என்று வேறு சொல்கிறார்கள். தெரிந்தவர்கள் கொஞ்சம் விளக்கமாகச் சொல்லுங்கள், புண்ணியமாகப் போகும்.

கணித வாத்தியார்:

தங்கச்சி, நான் இங்கே பல வருடமாகப் பிள்ளைகளுக்குக் கணிதம் சொல்லிக்கொடுக்கிறேன், அதனால் கணிதத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன், மற்றதை மற்றவர்கள் சொல்லட்டும்.

டிப்ளோமா எடுப்பது ஒரு கணக்கு, பல்கலைக்கழகத்துக்குப் போவது வேறு கணக்கு. இந்த இரண்டையும் ஒன்றென்று நினைத்துத்தான் நம்மவர்கள் நிறையப் பேர் கிரேட் 12இல் வந்து முழிக்கிறார்கள். டிப்ளோமாவுக்குக் கணிதத்தில் 3 கிரெடிட் போதும், அதில் ஒன்றாவது கிரேட் 11 அல்லது 12 பாடமாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். எந்த மட்டத்துக் கணிதம் என்று டிப்ளோமா கேட்காது. பல்கலைக்கழகம் கேட்கும். ஆகவே கைடன்ஸ் சொன்ன வழியில் போனாலும் மகள் டிப்ளோமா எடுப்பாள், அதில் சந்தேகமில்லை, ஆனால் எஞ்சினியரிங் கதவு கிரேட் 11இலேயே சாத்தப்பட்டுவிடும்.

மேலிருந்து கீழே எண்ணிப் பாருங்கள். ஒன்ராறியோவில் எஞ்சினியரிங் என்றால் கிரேட் 12இல் இங்கிலிஷ், அட்வான்ஸ்ட் ஃபங்ஷன்ஸ், கால்குலஸ் அண்ட் வெக்டர்ஸ், பௌதிகம், இரசாயனம் என்று ஐந்தும் 4யூ (கிரேட் 12 பல்கலைக்கழக) மட்டத்தில் கேட்பார்கள், ஆறாவதாக இன்னொரு 4யூ அல்லது 4எம் (பல்கலைக்கழகம், காலேஜ் இரண்டுக்குமான கிரேட் 12) பாடம். கால்குலஸ் எடுக்க அட்வான்ஸ்ட் ஃபங்ஷன்ஸ் முதலே எடுத்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் கூடவே எடுக்க வேண்டும். அட்வான்ஸ்ட் ஃபங்ஷன்ஸுக்குப் போவதற்கான நேர்வழி கிரேட் 11 ஃபங்ஷன்ஸ், அதாவது 3யூ. அதற்குக் கீழே கிரேட் 10 அகடமிக் கணிதம், அதை மகள் இப்போது படிக்கிறாள் என்றே நினைக்கிறேன், ஒருமுறை பார்த்து உறுதிப்படுத்துங்கள். இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி விட்டால் அதற்கு மேலே உள்ளது எல்லாம் விடும்.

நடுவில் ஃபங்ஷன்ஸ் அண்ட் அப்ளிகேஷன்ஸ் என்று 3எம் பாடம் ஒன்று இருக்கிறது. அதிலிருந்து கிரேட் 12 டேட்டா மேனேஜ்மென்டுக்குப் போகலாம், சில துறைகளுக்கு அது போதும், ஆனால் கால்குலஸுக்கு நேராகப் போக முடியாது. காலேஜ் கணிதத்திலிருந்து டேட்டா மேனேஜ்மென்டுக்குக்கூடப் போக முடியாது, பிறகு மனம் மாறினால் கிரேட் 11 கணிதத்தை முதலிலிருந்து படிக்க வேண்டும். மேலேயிருந்து இறங்குவது ஒரு படிவம், கீழேயிருந்து ஏறுவது ஒரு வருடம்.

88 எடுக்கிற பிள்ளைக்குக் கணிதம் வராது என்று சொல்லவே முடியாது. அவளுக்கு வராதது கேள்வியை வாசிப்பது. அதற்கு மருந்து வேறு: கோடையில் ஃபங்ஷன்ஸ் பாடப் புத்தகத்தில் உள்ள வசனக் கணக்குகளை மட்டும் எடுத்து, விடையைப் பற்றிக் கவலைப்படாமல், என்ன கேட்கிறார்கள் என்று ஒவ்வொன்றையும் தமிழில் ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். பிறகு சமன்பாட்டை மட்டும் எழுதட்டும். ஓரிரு மாதத்தில் வித்தியாசம் தெரியும். ஈஎஸ்எல் மாணவர்களுக்கு டெஸ்டில் கூடுதல் நேரமும் இருமொழி அகராதியும் கேட்க இடமுண்டு, கணித ஆசிரியரிடம் இப்போதே கேட்கச் சொல்லுங்கள், பிள்ளைகள் வெட்கத்தில் கேட்பதேயில்லை.

பயமாக இருந்தால் இன்னொன்றும் இருக்கிறது. கிரேட் 11, 12 பாடங்களில் நடுத்தவணை ரிப்போர்ட் கார்ட் வந்து 5 பள்ளி நாட்களுக்குள் விலகினால் டிரான்ஸ்கிரிப்டில் (பாடமும் புள்ளியும் பதிகிற தாள்) எதுவும் விழாது. அதனால் ஃபங்ஷன்ஸ் எடுத்துப் பார்க்கட்டும். முடியாவிட்டால் அப்போது இறங்கலாம்.

பிறம்ரன்வாசி:

வாத்தியார் சொல்வது கணிதத்துக்குச் சரி, ஆனால் ஒரு விஷயம் சொல்ல வேண்டும் போலிருக்கிறது. எல்லாப் பிள்ளையும் பல்கலைக்கழகம் போகத்தான் வேண்டும் என்று நாங்கள் நினைப்பதே ஒரு அழுத்தம். காலேஜில் படித்து நல்ல வேலையில் இருக்கிறவர்கள் எங்கள் வீட்டிலேயே இருக்கிறார்கள், காலேஜ் முடித்துப் பிறகு பல்கலைக்கழகம் போனவர்களும் இருக்கிறார்கள். கைடன்ஸ் ஆட்கள் எல்லாரும் எங்களைக் கீழே தள்ளப் பார்க்கிறார்கள் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம், வந்து ஒரு வருடமும் ஆகாத பிள்ளை ஒரே செமஸ்டரில் பௌதிகம், இரசாயனம், ஃபங்ஷன்ஸ் என்று எடுத்து நித்திரை இல்லாமல் திரிவதை அவர்கள் பார்த்திருப்பார்கள். மகளிடம் கேட்டீர்களா அக்கா? அவள் என்ன சொல்கிறாள்?

கணித வாத்தியார்:

காலேஜைக் குறைவாகச் சொல்லவில்லை தம்பி. போகிறவள் தெரிந்து போகட்டும், 15 வயதில் ஒரு படிவத்தில் தெரியாமல் டிக் போட்டுப் போகக் கூடாது என்பதுதான் என் கவலை. ஒரே செமஸ்டரில் மூன்றையும் போடக் கூடாது என்பதில் நானும் உங்கள் பக்கம்தான்.

ஆரணி:

அன்ரி, நானும் கிரேட் 10இல்தான் வந்தேன், இப்போது நேர்ஸிங் இரண்டாம் வருடம். உங்கள் மகளின் நிலை எனக்கு நன்றாக விளங்குகிறது, அதனால் இங்கிலிஷ் பக்கத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

ஈஎஸ்எல் கிரெடிட் 30இல் நிச்சயமாகச் சேரும். கட்டாய இங்கிலிஷ் 4 கிரெடிட், அதில் அதிகபட்சம் 3 வரை ஈஎஸ்எல்லாக இருக்கலாம், நாலாவது கிரேட் 12 இங்கிலிஷாகத்தான் இருக்க வேண்டும். அதற்கு மேல் ஈஎஸ்எல் எடுத்தால் அது விருப்பப் பாடமாகக் கணக்கில் வரும், வீணாகாது. ஆனால் பல்கலைக்கழகத்துக்கு இங்கிலிஷ் 4யூ வேண்டும், 4யூவுக்கு முன் 3யூ வேண்டும். ஆகவே மகள் அடுத்த வருடம் முதல் செமஸ்டரில் ஈஎஸ்எல் இ, இரண்டாவது செமஸ்டரில் இங்கிலிஷ் 3யூ, கிரேட் 12 முதல் செமஸ்டரில் 4யூ என்று போனால் நேரம் சரியாக இருக்கும். 4யூவைக் கடைசி செமஸ்டருக்குத் தள்ள வேண்டாம், விண்ணப்பிக்கிற நேரத்தில் கையில் புள்ளி இருப்பது நல்லது.

லிட்டரசி டெஸ்ட் சாதாரணமாகக் கிரேட் 10இல் வரும். ஈஎஸ்எல் பிள்ளைகளுக்குத் தள்ளிப்போடலாம், அதைப் பள்ளிக்கூடத்தில் கேட்டுச் செய்ய வேண்டும். சித்தியடையாவிட்டால் திரும்ப எழுதலாம், அல்லது லிட்டரசி கோர்ஸ் எடுக்கலாம். இங்கேதான் கவனம் அன்ரி. அந்தக் கோர்ஸ் டிப்ளோமாவுக்கு கிரேட் 11 அல்லது 12 இங்கிலிஷுக்குப் பதிலாக எண்ணப்படும், அதைப் பார்த்து, இங்கிலிஷ் முடிந்துவிட்டது என்று நினைத்துவிடுவார்கள். பல்கலைக்கழகத்துக்கு அது 4யூ இங்கிலிஷ் ஆகாது.

யாரும் முன்கூட்டிச் சொல்லாத ஒன்று: இங்கிலிஷ் மீடியத்தில் நாலு வருடத்துக்குக் குறைவாகப் படித்தவர்களிடம் பல பல்கலைக்கழகங்கள் ஐஈஎல்டிஎஸ் அல்லது டோஃபல் என்ற இங்கிலிஷ் பரீட்சை கேட்கும். மகள் கிரேட் 12 முடிக்கும்போது மூன்று வருடம்தான் ஆகியிருக்கும். 4யூ இங்கிலிஷில் நல்ல புள்ளி எடுத்தாலும் சில இடங்களில் கேட்பார்கள். கிரேட் 12 தொடக்கத்திலேயே எழுதி முடிப்பது நல்லது, அதற்குக் காசும் ஒதுக்கி வையுங்கள்.

நேர்ஸிங்குக்கு இங்கிலிஷ், உயிரியல், இரசாயனம் 4யூவில் வேண்டும். கணிதமும் கேட்பார்கள், எந்தக் கணிதம் என்பது இடத்துக்கு இடம் மாறும்.

மார்க்கம் அக்கா:

மற்றக் கேள்விகளுக்கு நான் சொல்கிறேன்.

ஊரில் படித்ததற்குப் பள்ளி அதிபர் ஈடான கிரெடிட் கொடுப்பார், தரம் 9 முழுவதும் முடித்திருந்தால் 8 வரை கிடைக்கும். இந்த வருடம் 8 பாடமும் சித்தியடைந்தால் ஜூனில் 16. மீதி 14, இருக்கிறது இரண்டு வருடம், வருடத்துக்கு 8 என்றால் 16 இடம். ஆகவே 30 என்ற எண்ணிக்கைக்குப் பயப்பட வேண்டாம். சிக்கல் கட்டாயப் பாடத்தில்தான் வரும். 2024 செப்டம்பரில் கிரேட் 9 தொடங்கிய பிள்ளைகளிலிருந்து கட்டாயம் 17, விருப்பம் 13 என்று மாற்றினார்கள், அதற்கு முன் 18, 12ஆக இருந்தது. புதிதாகச் சேர்ந்தது டெக்னாலஜி பாடம் ஒன்று, கிரேட் 9 அல்லது 10இல் எடுக்க வேண்டியது. கனடா வரலாறு, கனடாப் புவியியல், கலை, உடற்கல்வி, பிரெஞ்சு, அரை அரை கிரெடிட்டாக சிவிக்ஸும் (குடியியல்) கரியரும் (தொழில் வழிகாட்டல்), இதெல்லாமும் கட்டாயம்தான். மற்றப் பிள்ளைகள் கிரேட் 9இல் முடித்த சிலதை உங்கள் மகள் இனித்தான் எடுக்க வேண்டியிருக்கும், அது கிரேட் 11இல் பௌதிகத்துக்கும் உயிரியலுக்கும் உள்ள இடத்தைப் பிடித்துக்கொள்ளும்.

கிரெடிட் கவுன்சலிங் சம்மரி என்று ஒரு தாள் இருக்கிறது, கைடன்ஸில் கேட்டால் அச்சடித்துத் தருவார்கள். எந்தக் கட்டாயம் முடிந்தது, எது மிச்சம், லிட்டரசி முடிந்ததா, வொலண்டியர் எத்தனை மணி என்று எல்லாம் அதில் இருக்கும். ஊர்க் கிரெடிட்டுகள் அதில் பதிவாகியிருக்கிறதா, எந்தக் கட்டாயத்துக்கு ஈடாகப் பதிந்திருக்கிறார்கள் என்று ஒவ்வொரு வரியாகப் பாருங்கள். அதைப் பார்க்காமல் பாடத் தெரிவில் கையெழுத்து வைக்க வேண்டாம்.

பிரெஞ்சு ஒரு கிரெடிட் கட்டாயம்தான், ஆனால் மூன்று கட்டாயக் கிரெடிட் வரை வேறு கட்டாயப் பட்டியல் பாடங்களால் மாற்றிக்கொடுக்க அதிபருக்கு அதிகாரம் உண்டு. பிள்ளையின் நிலையைப் பார்த்துத்தான் முடிவெடுப்பார், நாங்கள் கேட்டால்தான் யோசிப்பார்கள். சிவிக்ஸ், வரலாறு, புவியியல் போன்றதைக் கோடைப் பள்ளியில் எடுத்தால் செப்டம்பரில் விஞ்ஞானத்துக்கு இடம் கிடைக்கும். ஒன்லைனில் 2 கிரெடிட் எடுக்க வேண்டும் என்றும் ஒரு விதி உண்டு, பெற்றோர் படிவம் நிரப்பி விலக்குப் பெறலாம். இங்கிலிஷ் தடுமாறுகிற பிள்ளைக்கு முக்கியமான பாடங்களை நேரில் படிப்பதுதான் என் விருப்பம்.

40 மணித்தியாலம் பெரிய விஷயமில்லை, சம்பளம் இல்லாத வேலையாகவும் வகுப்பு நேரத்துக்கு வெளியேயும் இருக்க வேண்டும். செய்யுமுன் உங்கள் போர்ட் (பள்ளிக்கூடச் சபை) அனுமதிக்கிற பட்டியலைப் பாருங்கள், செய்தவுடன் கையெழுத்து வாங்குங்கள். நூலகத்தில் செய்தால் இங்கிலிஷும் பழகும். பிந்தி வந்த பிள்ளைகளுக்கு மணியைக் குறைக்கவும் அதிபரால் முடியும்.

இன்னொன்று, சனிக்கிழமை தமிழ் கிரெடிட் வகுப்புகள் போர்ட்டுகள் நடத்துகின்றன. கிரேட் 12 பல்கலைக்கழக மட்டத் தமிழ், 4யூ பாடம். எஞ்சினியரிங்குக்கு வாத்தியார் சொன்ன அந்த ஆறாவது இடத்துக்கு அதை வைக்கலாம், பிள்ளைக்கு ஒரு பாடத்திலாவது மூச்சுவிட இடம் கிடைக்கும். சில துறைகள் ஏற்காமல் விடலாம், அதனால் விண்ணப்பிக்கிற இடத்தின் பக்கத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

நிலா அம்மா:

இவ்வளவு விவரமாக எழுதின எல்லாருக்கும் மிக்க நன்றி. பிறம்ரன் தம்பி கேட்டது சரி, நேற்று இரவு அவளை இருத்திக் கேட்டேன். ஃபங்ஷன்ஸ்தான் எடுப்பேன் என்கிறாள், டெஸ்டில் வெறும் தாள் கொடுத்தது அவளுக்கே தாங்கவில்லை. இவருக்கும் இதை வாசித்துக் காட்டினேன், வியாழக்கிழமை கைடன்ஸுக்குத் தானும் வருவதாகச் சொன்னார். அந்தக் கிரெடிட் கவுன்சலிங் தாளைக் கேட்டு ஈமெயில் போட்டாயிற்று. கிரேட் 11இல் பௌதிகம், இரசாயனம், உயிரியல் மூன்றும் எடுத்தால் இரண்டு வழியும் திறந்திருக்கும் இல்லையா? அது கூடிப்போகுமோ என்றுதான் யோசனை.

ஆரணி:

எடுக்கலாம் அன்ரி, ஆனால் இரண்டு செமஸ்டருக்கும் பிரித்துப் போடச் சொல்லுங்கள். ஃபங்ஷன்ஸும் இரசாயனமும் ஈஎஸ்எல் இயோடு ஒரு செமஸ்டர், பௌதிகமும் உயிரியலும் இங்கிலிஷ் 3யூவோடு மற்றது. மிச்ச இரண்டு இடத்துக்குக் கலை, டெக்னாலஜி மாதிரி எழுத்து வேலை குறைந்த கட்டாயப் பாடம். டைம்டேபிளைப் பள்ளிக்கூடம்தான் போடும், ஆனாலும் வியாழக்கிழமை போகும்போது இதை ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிட்டு வாருங்கள், ஜூனில் டைம்டேபிள் வந்ததும் சரியாக இல்லாவிட்டால் உடனே மாற்றக் கேட்கலாம்.