சாலையோரப் புல்லை அறுக்க அனுமதி பெற்றவர்கள் உண்டா?

ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில், பல்லாரட்டுக்கு மேற்கே எங்கள் பண்ணை வேலிக்கு வெளியே உள்ள சாலையோரத்தில், ஏறத்தாழ 300 மீட்டர் நீளத்துக்கு, அயல்நாட்டுப் புல்லான பலாரிஸ் மார்பளவு வளர்ந்து காய்ந்து நிற்கிறது. அதனிடையே சட்டப் பாதுகாப்புள்ள கங்காருப் புல்லும் திட்டுத்திட்டாக உள்ளது. 2009 பிப்ரவரித் தீயில் 173 பேரை இழந்த மாநிலம் இது என்பதால் என் அச்சம் மிகையல்ல.

அனுமதியின்றி வேலியோரம் வெட்டுவதற்கான விலக்கு இருபுறமும் சேர்த்து 4 மீட்டர் அகலத்துக்குத்தான்; சாலைப் புறத்தில் வெட்ட நில நிர்வாகியின் ஒப்புதலும் வேண்டும். ஆகஸ்டில் உள்ளாட்சி மன்றத்துக்கு விண்ணப்பித்தேன். தாவரக் கணக்கெடுப்பு கேட்டார்கள், படங்களும் வரைபடமும் அனுப்பினேன், இங்கே கோடை தொடங்கும் டிசம்பர் வந்தும் பதிலில்லை. தன்னார்வத் தீயணைப்பாளர்கள் வெட்டச் சொல்கிறார்கள், ஆனால் எழுதித் தருவதில்லை.

கங்காருப் புல்லைத் தொடாமல் பலாரிஸை மட்டும் அறுக்க அனுமதி பெற்றவர்கள், விண்ணப்பத்துடன் எந்தச் சான்றுகளை இணைத்தீர்கள்?